ஜன்னலோர மேசைக்கு ஒரு படகு

படகு கிளப்பில் அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். தொழில் என்னவோ மூக்குக் கண்ணாடி விற்பது. கடைவீதியில் மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கும் அந்தக் கடையில், முன்பக்கம் அவருடைய ராஜ்ஜியம். வருகிறவர்களின் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்து, "உங்க முகவெட்டுக்கு இதுதான் சார் எடுப்பா இருக்கும்" என்று அடித்துச் சொல்வார். பின்பக்கம் சின்ன இருட்டறை. அங்கே எழுத்துப் பலகையை வைத்துக் கண் பரிசோதிப்பது மனைவியின் வேலை. படித்தவள் அவள், பேசுகிறவர் இவர். இந்த ஏற்பாட்டில் கடை குறைவில்லாமல் நடந்தது.

கடையைச் சாத்தியதும் வெள்ளைச் சட்டை ஏறும். அதற்கு மேலே தங்க நூலில் நங்கூரம் பின்னிய தொப்பி. அதைப் போட்டவுடன் மனிதர் ஒரு சாண் வளர்ந்துவிடுவார். நடையே மாறிவிடும், சாலையைக் கடக்கும்போதுகூடக் கப்பல் தளத்தில் நடப்பது போல் காலை அகட்டி வைப்பார். கேப்டன் என்ற அழைப்பில் பாதி கிண்டல் என்பது அவருக்கும் தெரியும். மீதிப் பாதி மரியாதை என்று அவரே முடிவு செய்துகொண்டு அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

அந்தக் கிளப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் ஒரு காலத்தில் ஆரம்பித்தது. இப்போது கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவர்களின் கிளப். வெளியே படகுத்துறையில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சாயங்காலமானால் உறுப்பினர்கள் கட்டிய படகிலேயே ஏறி உட்கார்ந்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கயிறு கட்டியிருக்கிறது அல்லவா!

உணவுக்கூடத்தில் கடலைப் பார்த்த சுவர் முழுக்க ஜன்னல். ஜன்னலோரம் ஒரு நீண்ட மேசை. அதைச் சுற்றியிருக்கும் மர நாற்காலிகளின் முதுகில் ஒவ்வொரு படகின் பெயரும் பெயிண்டால் எழுதியிருக்கும். வசந்த காலத்தில் நடக்கும் விசைப்படகுப் பந்தயத்தை எவருடைய படகு முழுதாக முடிக்கிறதோ, அவருக்கு அந்த மேசையில் ஆயுளுக்கும் ஒரு நாற்காலி. ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. கோட்டைத் தாண்டி, துறைக்குத் திரும்பி வந்து, கயிற்றைக் கட்டைத் தூணில் கட்டிவிட்டால் போதும். கோப்பை ஒரு வருஷம்தான் வீட்டில் இருக்கும், நாற்காலி சாகும்வரை. கட்டுமானத் தொழிலில் கொழித்த கிளப் தலைவரும், ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கிய பல் டாக்டரும் அந்த மேசையில் உட்கார்ந்து, மற்றவர்களைப் பார்க்காமல் பார்ப்பார்கள்.

நாற்காலி இல்லாதவர்களுக்குப் பெஞ்சு போட்ட கடைசி மேசை, சமையலறைக் கதவை ஒட்டி. பரிமாறுகிறவர்கள் தட்டோடு அந்தக் கதவை உதைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் அங்கே யாராவது ஒருவர் முதுகில் இடி வாங்குவார்.

கிளப்பில் சேர்ந்த புதிதில், கேப்டன் மனைவியை முதன்முதலாக அங்கே சாப்பிட அழைத்துப் போனார். விவரம் தெரியாமல் அவள் நேராகப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கடல் நன்றாகத் தெரிகிறதே என்று அவரையும் கையைக் காட்டி அழைத்தாள். உணவுக்கூடத்தின் மேற்பார்வையாளர் எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். அவரை எல்லோரும் கையுறைக்காரர் என்றே சொல்வார்கள். அவர் பூனை மாதிரி வந்து, குனிந்து, "மேடம், இது ஒதுக்கப்பட்ட இடம்" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் கேப்டன் துள்ளி வந்து, "எழுந்திரு, எழுந்திரு" என்று மனைவியின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேரும் கடைசி மேசைக்கு நடந்து போனார்கள். அந்த நடை முடிவதாகவே தெரியவில்லை.

அன்றைக்கு இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. "எவ்வளவு திமிர் பாத்தியா அந்தக் கையுறைக்கு? உன்னை எழுப்பிட்டானே! அதே மேசையில உன்னை உக்கார வைக்கிறேனா இல்லையா பாரு" என்று பொருமினார்.

"எனக்கு அந்தக் கடைசி மேசையே போதும்ங்க. எல்லாம் சூடா வருது" என்றாள் அவள்.

அது அவர் காதில் விழவில்லை. காதில் விழுகிற நிலைமையில் அவர் இல்லை.

அந்தக் கோபத்தில்தான் படகு வாங்கினார். முன்பு ஒரு கல்யாணப் புகைப்படக்காரரிடம் இருந்த விசைப்படகு அது. தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று 'தூரப்பார்வை' என்று பெயர் வைத்தார். ஆனால் பந்தயம் என்று வந்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஏதாவது ஒரு காரணம் முளைக்கும். ஒரு வருஷம் முதுகுவலி, இன்னொரு வருஷம் எஞ்சினில் சத்தம், அதற்கடுத்த வருஷம் சத்தம் வராதது. உண்மை என்னவென்றால் அவருக்கு வேகம் என்றால் குலை நடுங்கும். வேகத்தைக் கூட்டும் கைப்பிடியைப் பாதிக்கு மேல் தள்ளியதே இல்லை. சமாளித்துச் சமாளித்துப் பல வசந்தங்கள் போய்விட்டன. கடைசி மேசைக்காரர்களில் சிலர்கூட நாற்காலி வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் குடிபோய்விட்டார்கள். இந்த வருஷம் விட்டால் மானம் போய்விடும் என்று அவருக்கே பட்டது. பெயரைக் கொடுத்துவிட்டார்.

மெதுவாக ஓட்டுவது, கடைசியாக வருவது, கயிற்றைக் கட்டுவது. இதுதான் திட்டம். விதிப்படி படகில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பதால் மச்சினனைச் சேர்த்துக்கொண்டார். அவன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். உலகத்தில் எந்த விஷயத்தைப் பற்றிக் கேட்டாலும் அவனுக்குத் தெரியும். தெரியாது என்ற வார்த்தைதான் தெரியாது. பந்தயத்துக்காக அவன் செய்த ஒரே ஏற்பாடு, அக்காவின் கடையிலிருந்து விலை உயர்ந்த கறுப்புக் கண்ணாடி ஒன்றை இலவசமாக எடுத்துக்கொண்டதுதான்.

இங்கே அந்தப் பித்தளை மூடியின் கதையைச் சொல்ல வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர்காலத்தில் படகுகளைக் கரையில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். படகின் பின்பக்கம் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. உள்ளே சேரும் மழைத்தண்ணீர் வடிந்து போவதற்காக அதைத் திறந்து விடுவார்கள். அதை அடைக்கிற பித்தளைத் திருகு மூடியை, பருவம் முடியும் விருந்தில் ஒவ்வொருவரும் தன் மனைவியிடம் ஒப்படைக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அது அவள் பொறுப்பு. வசந்தம் வந்ததும் தொடக்க விருந்தில் மனைவிமார்கள் மேடையில் வரிசையாக நின்று மூடியைத் திருப்பிக் கொடுப்பார்கள். கைதட்டல், பேண்டு வாத்தியம் எல்லாம் உண்டு. "வீட்டு அம்மா மனசு வச்சாத்தான் நமக்குக் கடல்!" என்று தலைவர் ஒவ்வொரு வருஷமும் அதே நகைச்சுவையைச் சொல்வார். எல்லோரும் ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குத்தான் கேட்பது போல் சிரிப்பார்கள்.

சென்ற வருஷத்து விருந்தில் பல் டாக்டரின் மூடி கண்ணைப் பறித்தது. தலைவரின் மூடியில் அவர் பெயரின் முதலெழுத்தே செதுக்கியிருந்தது. கேப்டனின் மூடியோ பச்சை பூத்து, ஓரம் நசுங்கி, பழைய குழாயில் கழற்றியது போல் இருந்தது. அது அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இந்த வசந்தத்துக்கு ஒரு வாரம் முன்பு, கடைக்கு ஃபிரேம் முலாம் பூசித் தருகிறவரிடம் புது மூடி ஒன்றைக் கொடுத்துத் தங்க முலாம் பூசி வாங்கிவந்தார். வெல்வெட் வைத்த மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்து மனைவியிடம் நீட்டினார்.

"இதை ஏன் எனக்குக் குடுக்கறீங்க? என்கிட்டதான் பழசு இருக்கே" என்றாள் அவள்.

"அதை எங்கயாவது போடு. மேடையில இதைக் குடு."

அவளும் பழசைத் திருகாணிகள் போட்டு வைக்கும் டப்பாவில் போட்டாள். மேடையில் தங்க மூடியைக் கொடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அது தகதகவென்று மின்னியது. தலைவரே அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "பிரமாதம் கேப்டன்!" என்றார். பல் டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கேப்டன் அதைச் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அன்று முதல் சட்டை மாறினாலும் பையில் மூடி மாறவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம்கூட எடுத்துக் காட்டினார். இப்படிப்பட்ட மூடியைக் கொண்டுபோய் உப்புத் தண்ணீரில் முக்குவதா! அந்த யோசனை அவர் மூளையின் பக்கமே வரவில்லை.

பந்தய நாள் காலை வெயில் இதமாக இருந்தது. கரையோர மரங்களில் புதுத் தளிர். கிளப் பால்கனியில் பெண்கள் பூப்போட்ட தொப்பிகளோடும் ஆண்கள் நங்கூரத் தொப்பிகளோடும் இடம் பிடித்திருந்தார்கள். பாரந்தூக்கி ஒவ்வொரு படகாகத் தூக்கித் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தது. தூரப்பார்வையின் முறை வந்தபோது மச்சினன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டான்.

"மாமா, மூடி?"

கேப்டன் பெருமையோடு நெஞ்சைத் தட்டினார். "பத்திரமா இருக்குடா மாப்ள."

போட்டாகிவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். அவர் எதைப் பற்றியும் எதையும் நினைக்கவில்லை. படகு தண்ணீரில் இறங்கியது.

புறப்படும் கோட்டில் படகுகள் உறுமிக்கொண்டு காத்திருந்தன. தலைவர் பந்தய நாளில் பேசாமல் இருக்க மாட்டாரே! ஒலிபெருக்கியில் விளையாட்டு உணர்வு பற்றியும் பணிவு பற்றியும் பேசிவிட்டு, பிறகுதான் தன் படகில் ஏறப் போனார். அதற்குள் கேப்டனின் காலில் ஏதோ சில்லென்றது. குனிந்து பார்த்தார். வெள்ளை ஷூ நனைந்திருந்தது.

"மாப்ள, தண்ணி இருக்கே?"

"அலை தெறிச்சிருக்கும் மாமா. ஸ்பீட் போட்டுல இதெல்லாம் சகஜம்."

வெடிச்சத்தம் கேட்டது. எல்லாப் படகுகளும் பாய்ந்தன. தூரப்பார்வையும் தன்னால் முடிந்த மரியாதையான வேகத்தில் கடைசியாகக் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் காலடித் தண்ணீர் மாயமாய் மறைந்தது. "பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே" என்றான் மச்சினன். கேப்டனுக்கும் தெம்பு வந்தது. பால்கனி இருக்கும் திசையைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்.

முதல் மிதவை வந்தது. அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். வளைவில் வேகம் ஆகாது என்று கேப்டன் கைப்பிடியை நன்றாகப் பின்னுக்கு இழுத்தார். படகு மூக்கைத் தாழ்த்தி அடங்கியதுதான் தாமதம், பின்பக்கத்திலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று ஏறி வந்தது. ஷூ முழுகியது. கணுக்கால் முழுகியது. மச்சினன் மிதந்துவந்த தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

"மாமா, மூடியைப் போட்டீங்கல்ல?"

"போடறதா? அதை எதுக்குப் போடணும்? தங்க முலாம்டா அது! இதோ பாக்கெட்ல..."

சொல்லிக்கொண்டே போன வாய் பாதியில் நின்றது. லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில், நெஞ்சுக்கு நேராக, அந்த மூடி உறுத்தியது. இத்தனை நாள் இனித்த உறுத்தல்! கேப்டன் முகம் பேயறைந்தது போல் ஆனது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்தச் சில நொடிகளில் தண்ணீர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பழைய மூடி எங்க?"

"வீட்ல, டப்பாவுல!"

"ஐயோ, ஓட்டுங்க மாமா! வேகமா ஓட்டுங்க! வேகமாப் போனாத் தண்ணி அந்தத் துளை வழியாவே வெளிய போயிடும், நின்னா உள்ள வந்துடும். நிறுத்துனா முழுகிடுவோம்!" அவன் வாழ்க்கையில் சரியாகச் சொன்ன விஷயம் அது ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டு இன்னொரு உண்மையையும் சேர்த்தான். "எனக்கு நீச்சல் தெரியாது மாமா!"

துளையை உள்ளேயிருந்து அடைக்கலாமென்றால் அது எரிபொருள் தொட்டிக்கு அடியில் இருந்தது. வெளியேயிருந்து அடைக்க வேண்டுமென்றால் படகை நிறுத்த வேண்டும். கேப்டன் வேறு வழி இல்லாமல், வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கைப்பிடியைக் கடைசிவரை தள்ளினார். படகு எழும்பிப் பறந்தது. அவர் வாயிலிருந்து வந்தது போர்க்குரல் என்று கரையில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அது போர்க்குரல் இல்லை. கூட இருந்த மச்சினனுக்கு அது தெரியும்.

மற்றவர்கள் மிதவைக்கு மிதவை வேகத்தைக் குறைத்துத் திரும்பினார்கள். கேப்டனால் குறைக்க முடியாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஸ்டியரிங்கை வளைத்தார். கண்ணைத் திறந்தபோது ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் பின்னால் போயிருந்தார். பல் டாக்டரைத் தாண்டினார். தலைவரின் படகை, தலைவர் தலைவலிக்காரர் போல் முகத்தைச் சுளித்துப் பார்க்க, உரசாத குறையாகத் தாண்டினார். பால்கனியில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "தூரப்பார்வை! யாரும் எதிர்பாராத தூரப்பார்வை!" என்று ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தியது. கோட்டை முதலாவதாகத் தாண்டியது அந்தப் படகுதான். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு வரை அந்தக் கிளப்பில் அவ்வளவு வேகமாக யாருமே ஓட்டியதில்லை.

ஆனால் படகு நிற்கவில்லை.

வெற்றிச் சுற்று வருகிறார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றுக்கும் தட்டினார்கள். மூன்றாவது சுற்றில் கை வலித்தது. "ஜெயிச்சா அடக்கம் வேணும். ஆரம்பத்துலயே சொன்னேனா இல்லையா?" என்றார் கரையேறிய தலைவர். "புதுசா ஜெயிக்கிறவங்க இப்படித்தான்" என்றார் பல் டாக்டர். பூப்போட்ட தொப்பிகள் எல்லாம் ஆமாம் என்று ஆடின.

கேப்டனின் மனைவி மட்டும் கைதட்டவில்லை. அவள் யாருடைய தொலைநோக்கியையோ வாங்கிக் கண்ணில் வைத்திருந்தாள். படகின் பின்பக்கத்து அடியிலிருந்து குழாயைத் திறந்துவிட்டது போல் தண்ணீர் பீய்ச்சியடிப்பது தெரிந்தது. தன் தம்பி நங்கூரத் தொப்பியால் தண்ணீரை மொண்டு மொண்டு கொட்டுவதும் தெரிந்தது. அவளுக்கு வீட்டு டப்பா ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே தம்பிக்கு நீச்சல் தெரியாது என்பதும் ஞாபகம் வந்தது. தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

படகில் எரிபொருள் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. "மாமா, அந்தப் பக்கம் மணல் இருக்கு! நேரா ஏத்திடுங்க! படகு பிழைச்சுடும், நாமளும் பிழைச்சுடுவோம்!" என்று மச்சினன் கெஞ்சினான்.

புத்தியுள்ள பேச்சுத்தான். மணலில் ஏற்றினால் படகுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மணலில் தூண் ஏது? கயிறு கட்டாவிட்டால் பந்தயம் முடித்ததாகக் கணக்கில்லை. முதலாவதாக வந்தும் சமையலறைக் கதவடியிலேதான் உட்கார வேண்டும். துறைக்குப் போனால் படகு கண்டிப்பாக முழுகும். கேப்டன் மணலைப் பார்த்தார், துறையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அது கடல் தண்ணீர் இல்லை.

அப்போதுதான் துறையின் முனையில் மனைவி நிற்பதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கயித்தைப் போடுங்க! இங்க! என்கிட்ட போடுங்க!"

அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. படகைத் துறைப் பக்கம் திருப்பி, கைப்பிடியை இழுத்தார். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. கயிற்றை வீசினார். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது வீச்சை அவள் குனிந்து எட்டிப் பிடித்து, கட்டைத் தூணில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மாமாவும் மச்சினனும் இரும்பு ஏணியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு மேலே ஏறினார்கள். தூரப்பார்வை அவசரமே இல்லாமல் பின்பக்கமாக உட்கார்ந்து, அடியில் தட்டி நின்றது. மூக்கு மட்டும் கயிற்றில் தொங்கியபடி தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

பந்தயக் குழு அங்கேயே கூடியது. படகு துறைக்குத் திரும்பியதா, துறைக்கு அடியில் போனதா என்று வாதம் நடந்தது. முழுகிய படகு எப்படிப் பந்தயத்தை முடித்ததாகும் என்று பல் டாக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். படகு மிதக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார். இத்தனை காலமும் அதை எழுத வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

கேப்டனின் மனைவி நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே, "கயிறு கட்டியிருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றாள்.

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். கட்டியிருந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியை அறிவித்தார்.

சாயங்கால விருந்துக்குள் நாற்காலி தயாராகிவிட்டது. அவசரத்தில் எழுதியதால் பெயிண்ட் முழுக்கக் காயவில்லை. கேப்டனுக்கு அதெல்லாம் ஞாபகத்தில் நிற்குமா? தலைகால் புரியாமல் போய் உட்கார்ந்து சாய்ந்தார். புது வெள்ளைச் சட்டையின் முதுகில் தூரப்பார்வை இடம் வலம் மாறிப் பதிந்தது. விருந்தாளிக்காகப் பக்கத்தில் போட்டிருந்த சாதாரண நாற்காலியில் மனைவி உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு நேராகப் பார்த்தால் கடல். துறையோரத்தில், கயிற்றில் தொங்கும் அவர்களுடைய படகின் மூக்கு.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது" என்றாள் அவள், படகின் மூக்கைப் பார்த்துக்கொண்டே.

பாராட்டுச் சொல்ல யாரோ அழைத்தார்கள் என்று எழுந்து போனார். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம்தான் கிளப்பில் சேர்ந்த கணக்கு வாத்தியாரின் மனைவி. கடல் தெரிகிறதே என்று கணவனைக் கையைக் காட்டி அழைத்துக்கொண்டிருந்தாள். கையுறைக்காரர் தூரத்தில் நின்று கேப்டனைப் பார்த்தார். நாற்காலிக்குச் சொந்தக்காரர் இருக்கும்போது அவர் முந்திக்கொள்வது முறையில்லை. கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"மேடம், இது ஒதுக்கப்பட்ட இடம்."

கணக்கு வாத்தியார் துள்ளி வந்தார். "எழுந்திரு, எழுந்திரு" என்று மனைவியின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கேப்டனின் மனைவி எழுந்தாள். அவரைப் பார்க்கவே இல்லை. "வாங்க, நான் வேற இடம் காட்டறேன். அங்க எல்லாம் சூடாவே வரும்" என்று அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து அழைத்துக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விட்டாள். வாத்தியாரும் அசடு வழியப் பின்னால் போனார். மச்சினன் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தான். எப்படிப் பந்தயத்தை ஜெயித்தோம் என்று மேசைக்கே விளக்கிக்கொண்டிருந்தான்; அங்கே ஒரே சிரிப்பு.

கேப்டன் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். வறுத்த மீன் வந்தது. சமையலறையிலிருந்து ஜன்னலோரம் வந்து சேர்வதற்குள் அது ஆறிப்போய் ரப்பராகியிருந்தது. சூப்பின் மேல் ஆடை படர்ந்திருந்தது. பக்கத்தில் தலைவர் காற்றைப் பற்றிப் பேசினார். அதற்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் காற்றைப் பற்றிப் பேசினார். ஆண்டாண்டு காலமாக இவர்கள் ஆறிய மீனைத் தின்றுகொண்டுதான் தன்னை இளக்காரமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அது போகட்டும். வாத்தியார் தன் மனைவியின் முழங்கையைப் பிடித்த பிடி கண்ணைவிட்டு அகலவில்லை. கையுறைக்காரன் அவமானப்படுத்திவிட்டான் என்று இத்தனை வருஷம் பொருமினாரே, அந்தக் கையுறை அவளைத் தொடக்கூட இல்லை. தூக்கிய கை இவருடையது. இதை அவள் ஒருநாளும் குத்திக்காட்டவில்லை, தன் பாட்டுக்குச் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்.

கையுறைக்காரர் ஓடிவந்தார். "சார், நாற்காலியை இங்கேருந்து எடுக்கக்கூடாது சார்."

"ஆயுசுக்கும் எனக்குத்தானே குடுத்தீங்க? எங்க போட்டு உக்காரணும்னு விதியில இருக்கா?"

அதையும் யாரும் எழுதியிருக்கவில்லை. முதுகில் இடம் வலம் மாறிய எழுத்தும் கையில் நாற்காலியுமாக அவர் கூடத்தின் நடுவே நடந்து போனார். அன்றைக்குப் போலவே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி மேசையில் சிரிப்பு சட்டென்று நின்றது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, எழுந்திருன்னு சொல்ல வந்தீங்களா?"

அந்தக் கேள்வி எத்தனை வருஷமாக அவளிடம் இருந்தது என்று அவருக்குப் புரிந்தது.

"இல்ல. உக்கார வந்தேன்" என்றார். பச்சை உடுப்புக்காரப் பெண்ணைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த நாற்காலியில நீங்க உக்காருங்க. பெயிண்ட் மட்டும் பாத்து" என்றார்.

மனைவி கையை நீட்டி அவர் சட்டைப் பையிலிருந்து தங்க மூடியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள். ஆவி பறக்கும் மீன் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"கதவு இடிக்கும், பாத்து உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கதவு இடித்தது.